சிறுவனின் கீழ்த்தாடையில் இரத்தம் நிறைந்த குழி: ஒரு நிகழ்வு ஆய்வு

13 வயதுச் சிறுவன் ஒருவனைப் பெற்றோர் எங்கள் முகத்தாடை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். வலது கன்னத்தின் கீழ்ப்பகுதி ஆறு வாரங்களாக வீங்கிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பள்ளியில் எடுத்த குழுப் படத்தில் முகம் ஒரு பக்கம் பருத்துத் தெரிந்தபோதுதான் தாய்க்குச் சந்தேகம் வந்தது. பெரிய வலி இல்லை. மெல்லும்போது மந்தமான ஒரு நோவு மட்டும். காய்ச்சல் இல்லை, உதடு மரத்துப்போகவில்லை, எடை குறையவில்லை. பெற்றோரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். சிறுவனை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இதில் சேர்க்கவில்லை.

எங்களிடம் வருவதற்கு முன் அவனுக்கு ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கியிருந்தது. வலது கீழ் முதல் கடைவாய்ப்பல்லில் ஆழமில்லாத ஒரு சொத்தை இருந்தது. அந்தப் பல்லுக்கு எடுத்த சிறிய எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கருமை தெரிந்ததால், சீழ்க்கட்டி என்று முடிவு செய்து வேர் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்கள். கருவி வேரின் நுனியைத் தாண்டியதும் கருஞ்சிவப்பு இரத்தம் மேலேறி வந்தது. “பஞ்சு வைத்து அழுத்தியும் அரை மணி நேரம் நிற்கவில்லை, டாக்டர்” என்றார் தாய். பல்லை அடைத்து, உடனே எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். பல்லைப் பிடுங்காமல் அனுப்பியது மிக நல்ல முடிவு. ஆனால் பல்லைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை விடுபட்டுப்போயிருந்தது. குளிர்ச்சியை வைத்துப் பல்லுக்கு உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஒரு நிமிடம்கூட ஆகாது. வேர் நுனியில் சீழ்க்கட்டி உண்டாகவேண்டுமானால் பல்லின் உயிர்ச்சதை செத்திருக்கவேண்டும். பல் குளிரை உணர்கிறது என்றால், நுனியில் தெரியும் கருமைக்கு வேறு காரணத்தைத் தேடவேண்டும். இந்த நிகழ்வை எழுத உட்கார்ந்ததே பெரும்பாலும் இதைச் சொல்வதற்காகத்தான்.

அந்தச் சிறிய எக்ஸ்ரேயைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் படலம் ஏறத்தாழ 3 செ.மீ. அகலமும் 4 செ.மீ. நீளமும் கொண்டது. சிறுவனின் தாடையில் இருந்த குழியோ அதைவிடப் பெரியது. படத்தில் தெரிந்தது குழியின் மேல் ஓரம் மட்டும்.

பரிசோதனை

வீக்கம் தாடையின் கோணத்திலிருந்து முன்கடைவாய்ப்பற்கள் வரை பரவியிருந்தது. மேலே தோல் இயல்பாக இருந்தது. சிவப்பும் இல்லை, சூடும் இல்லை. தொட்டால் எலும்பைப் போலக் கெட்டியாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் விரலால் அழுத்தியபோது முட்டை ஓடு போல உள்ளே சற்று நெகிழ்ந்து மீண்டது. வெளிச்சுவர் அவ்வளவு மெலிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். கழுத்தில் நெறிக்கட்டிகள் இல்லை. இரண்டாம் கடைவாய்ப்பல் நாக்குப் பக்கமாகச் சாய்ந்து லேசாக ஆடியது. ஏற்கெனவே திறந்திருந்த பல்லைத் தவிர, அந்தப் பக்கத்துப் பற்கள் எல்லாம் குளிருக்கும் மின்தூண்டலுக்கும் நன்றாகப் பதில் கொடுத்தன.

விரலை வைத்துத் துடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்து இரைச்சல் கேட்கிறதா என்றும் பார்த்தேன். இரண்டும் இல்லை. இரத்தம் வந்த பல் என்ற வரலாற்றோடு வரும் எந்தத் தாடையிலும் இந்த இரண்டையும் பார்க்காமல் நான் அடுத்த அடி எடுத்து வைப்பதில்லை. தமனியும் சிரையும் நேரடியாக இணைந்த இரத்தக்குழாய்க் கோளாறு தாடைக்குள் ஒளிந்திருந்தால், ஒரு பல்லைப் பிடுங்குவதே உயிரைப் பறித்துவிடக்கூடும்.

படங்கள் காட்டியவை

முழுத்தாடை எக்ஸ்ரேயில் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லிலிருந்து தாடையின் மேலேறும் கிளை வரை பல அறைகளாகப் பிரிந்த கருமை தெரிந்தது. கீழ்விளிம்பு கீழ்நோக்கிப் புடைத்திருந்தது. இன்னும் முளைக்காத மூன்றாம் கடைவாய்ப்பல்லின் மொட்டு குழிக்குள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. சி.டி. ஸ்கேன் அளவு 46 × 31 × 28 மி.மீ. வெளிச்சுவர் சில இடங்களில் காகிதத்தைப் போலவும், இரண்டு இடங்களில் அறவே இல்லாமலும் இருந்தது. ஆனாலும் எலும்பைச் சுற்றியுள்ள உறை முழுமையாக இருந்தது. மென்திசுக்களுக்குள் எதுவும் ஊடுருவவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சிறுவனைப் பத்து நிமிடம் அசையாமல் படுக்கவைத்த பிறகே படம் எடுக்கச் சொன்னோம். அப்படிப் படுத்திருந்தால் தேங்கிய இரத்தத்தின் அணுக்கள் கீழே படியும், தெளிந்த திரவம் மேலே நிற்கும். இரண்டுக்கும் இடையில் நேர்கோடு போல ஒரு மட்டம் விழும். அவனுடைய படத்தில் ஒவ்வோர் அறையிலும் அந்தக் கோடு இருந்தது. பார்த்தவர்கள் உடனே அனூரிஸ்மல் எலும்புக்கட்டி (ஆங்கிலத்தில் அனூரிஸ்மல் போன் சிஸ்ட்) என்றார்கள். இரத்தம் தேங்கிய அறைகளோடு எலும்பை ஊதச் செய்யும், புற்றுநோயல்லாத கட்டி அது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த மட்டக்கோடு தேங்கிய இரத்தத்தின் அடையாளம் மட்டுமே. நாரெலும்பு வளர்ச்சிக் கோளாறிலும், பெருஞ்செல் கட்டியிலும் அது தெரியலாம். மிகவும் அஞ்சவேண்டிய ஒன்றிலும் தெரியலாம்: இரத்தக்குழிகள் நிறைந்த வகை ஆஸ்டியோசர்கோமா, அதாவது எலும்புப் புற்றுநோய். தாடையில் அது அரிது. ஆனாலும் ஒரு குழந்தையின் விஷயத்தில் அரிது என்ற சொல்லை நம்பிக் கத்தியை எடுக்கமுடியாது.

இரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றும் இயல்பாக இருந்தன. பாராதைராய்டு சுரப்பி மிகையாக இயங்கினால் தாடையில் இதே போன்ற பெருஞ்செல் புண்கள் தோன்றும் என்பதால் இந்தச் சோதனைகள். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி சற்று உயர்ந்திருந்தது. வளரும் வயதில் அது இயல்பு.

ஊசி

முதல் கட்டமாக, அறுவை அரங்கில், முழு மயக்கத்தில், இரத்தம் தயாராக வைத்துக்கொண்டு, தடித்த ஊசியை வாயின் உட்பக்கமாகக் குழிக்குள் செலுத்தினேன். இந்த ஓர் அசைவு சொல்லும் சேதியை எந்த ஸ்கேனும் சொல்வதில்லை. வைக்கோல் நிறத் திரவம் வந்தால் நீர்க்கட்டியாகவோ, நீர் கோத்த அமெலோபிளாஸ்டோமாவாகவோ (பல்லை உருவாக்கும் திசுவிலிருந்து வளரும் கட்டி) இருக்கலாம். வெண்மையாக, தயிர்க்கட்டி போல வந்தால் கெரட்டோசிஸ்ட், அதாவது கெரட்டின் நிறைந்த தாடை நீர்க்கட்டி என்று நினைக்கலாம். ஒன்றுமே வராவிட்டால் உள்ளே திடமான கட்டி இருக்கலாம், அல்லது உண்மையிலேயே வெறுங்குழியாக இருக்கலாம். பளிச்சென்ற சிவப்பு இரத்தம் சிரிஞ்சின் தண்டைத் தானாகவே பின்னுக்குத் தள்ளினால், அங்கேயே நிறுத்திவிட்டு இரத்தக்குழாய் நிபுணரை அழைக்கவேண்டும்.

எங்கள் சிரிஞ்சில் 5 மி.லி. கருஞ்சிவப்பு இரத்தம் எளிதாக வந்தது. தண்டு தானாக நகரவில்லை. இழுத்தபோது மட்டுமே வந்தது. ஊசியை எடுத்த பிறகு சிறிது கசிந்தது, அழுத்தியதும் நின்றது. அழுத்தம் குறைந்த, மெல்ல நகரும் இரத்தம் என்பது தெளிவானது. அதன் பிறகே சிறிய சாளரம் ஒன்றைத் திறந்து, குழியின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து ஐந்து துண்டுகள் எடுத்தேன். ஒரே ஒரு துண்டோடு திருப்தி அடைவது இந்த நோயில் ஆபத்து. புற்றுநோய்ச் செல்கள் ஒரு தடுப்புச்சுவரில் ஒளிந்திருக்க, பக்கத்துச் சுவர் முற்றிலும் சாதுவாகத் தோற்றமளிக்கலாம்.

திசு ஆய்வு

துண்டுகளோடு எல்லாப் படங்களையும் நோயியல் நிபுணருக்குக் கொடுத்தோம். எலும்பு நோய்களில் படத்தைப் பார்க்காமல் கண்ணாடித் தகட்டை மட்டும் பார்த்துச் சொல்லும் முடிவை அவரும் நம்புவதில்லை, நானும் நம்புவதில்லை. அவர் கண்டவை: இரத்தம் தேங்கிய இடைவெளிகள், இரத்தக்குழாய்க்கு உரிய உட்படலம் அவற்றுக்கு இல்லை. இடைவெளிகளைப் பிரிக்கும் நார்த்திசுச் சுவர்களில் கதிர் வடிவச் செல்கள், பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல்கள், புதிதாகப் பின்னப்பட்ட எலும்பு இழைகள். செல் பிளவுகள் நிறைய இருந்தன, ஆனால் எல்லாம் ஒழுங்கான பிளவுகள். உருக்குலைந்த செல் ஒன்றும் இல்லை.

மரபணுச் சோதனையில் யு.எஸ்.பி.6 மரபணு இடம் மாறியிருப்பது உறுதியானது. முதல்நிலை அனூரிஸ்மல் எலும்புக்கட்டி, அதாவது வேறொரு நோயின் மேல் வராமல் தானாகவே தோன்றியது என்று முடிவு எழுதப்பட்டது.

அன்று மாலை பெற்றோரிடம் பேசினேன். தந்தை நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது நான் கையை விட்டுவிட்டேன். முகம் தரையில் மோதும்படி விழுந்தான். அதனால்தான் இது வந்ததா, டாக்டர்?” என்று கேட்டார். இரண்டு மாதங்களாக அந்தப் பாரத்தை அவர் தனியாகச் சுமந்திருக்கிறார். அடிபட்டதால் எலும்புக்குள் சிரை அடைத்து, இரத்தம் தேங்கி இந்தக் கட்டி உண்டாகிறது என்றுதான் மருத்துவமும் வெகுகாலம் எண்ணியிருந்தது. 2004இல் 17ஆம் குரோமோசோமில் உள்ள யு.எஸ்.பி.6 மரபணுவின் இடமாற்றம் கண்டறியப்பட்ட பிறகு அந்த எண்ணம் மாறியது. இந்த மரபணு வேறொரு மரபணுவோடு, மற்றவற்றைவிட அதிகமாக 16ஆம் குரோமோசோமில் உள்ள சி.டி.எச்.11 மரபணுவோடு போய் ஒட்டிக்கொண்டு மிகையாக இயங்குகிறது. முதல்நிலைக் கட்டிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் இந்த மாற்றம் காணப்படுகிறது. அதுவும் கதிர் வடிவச் செல்களில் மட்டும். பெருஞ்செல்கள் பின்னால் வந்து சேரும் கூட்டம். ஆக இது செல்களுக்குள் தொடங்கிய வளர்ச்சி. சைக்கிளிலிருந்து விழுந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை என்று தந்தையிடம் சொன்னேன். தாயின் கேள்வி வேறு: தங்கைக்கும் வருமா? வராது. இந்த மாற்றம் கட்டியின் செல்களில் மட்டுமே இருக்கிறது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போவதில்லை.

பெயர் செய்யும் குழப்பம்

1942இல் ஜாஃபியும் லிக்டென்ஸ்டைனும் இந்தப் பெயரை வைத்தார்கள். 1950இல் இருவரும் தனித்தனியே இதை ஒரு தனி நோயாக விவரித்தார்கள். தாடையில் இது வருவதை 1958இல் பெர்னியரும் பாஸ்கரும் எழுதினார்கள். எலும்பு ஊதிப் பெருப்பது இரத்தக்குழாய் வீக்கத்தைப் போலத் தோன்றியதால் அனூரிஸ்மல் என்றார்கள். ஆனால் இதில் வீங்கிய இரத்தக்குழாய் எதுவும் கிடையாது. சிஸ்ட், அதாவது நீர்க்கட்டி என்று சொல்வதற்கு உட்சுவரை மூடும் எபிதீலியச் சவ்வும் கிடையாது. பெயரின் இரண்டு பாதிகளும் தவறு. இருந்தாலும் நிலைத்துவிட்டது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று எளிய எலும்புக்குழி. தாடையில் அதை 1929இல் லூகாஸ் விவரித்தார். அதற்கும் சவ்வு இல்லை. பெரும்பாலும் பதின்வயதினரின் கீழ்த்தாடையில், வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகக் கண்ணில் படும். வீக்கம் அரிது. பற்கள் உயிரோடு இருக்கும். குழியின் மேல் ஓரம் வேர்களுக்கு இடையில் வளைந்து வளைந்து ஏறும். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, அல்லது சிறிது திரவம் இருக்கும். திறந்து, சுவரைச் சற்றுச் சுரண்டி, இரத்தம் கசியவிட்டு மூடினாலே எலும்பு தானாக நிரம்பிவிடும். சில நேரங்களில் எதுவும் செய்யாமலே மறைந்தும் போகும். ஆங்கிலத்தில் இரண்டையும் போன் சிஸ்ட் என்ற ஒரே பெயரால் அழைத்தாலும், ஒன்றுக்குப் பொறுமை போதும். மற்றதை விட்டுவைத்தால் முகத்தையே மாற்றிவிடும்.

மண்டையோட்டில் அனூரிஸ்மல் எலும்புக்கட்டி இன்னும் அரிது. அங்கே அது மண்டையெலும்பின் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் இடையே வளரும். வெளியே புடைத்தால் தலையில் கட்டியாகத் தட்டுப்படும். உள்ளே புடைத்தால் மூளையுறையை அழுத்தும். கண்குழியின் கூரையில் வந்தால் கண்ணை முன்னுக்குத் தள்ளும். பொட்டெலும்பில் வந்தால் காது கேட்பது குறையலாம். அந்த இடங்களில் நரம்பியல் அறுவை நிபுணர் இல்லாமல் யாரும் கைவைக்கக்கூடாது.

அறுவை

என்னென்ன வழிகள் இருந்தன? பாதிக்கப்பட்ட எலும்பைத் துண்டாக வெட்டி எடுத்துவிட்டுக் காலெலும்பை வைத்துப் பொருத்தினால் கட்டி திரும்ப வருவது மிகக் குறைவு. ஆனால் 13 வயதில் தாடையின் வளர்ச்சி இன்னும் முடிந்திருக்காது. புற்றுநோயல்லாத ஒன்றுக்கு அந்த விலையைக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. டெனோசுமாப் மருந்து பெருஞ்செல்களை அடக்கும். ஆனால் நிறுத்திய பிறகு குழந்தைகளுக்குக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்த நிகழ்வுகள் உண்டு. கதிர்வீச்சு பற்றிப் பேசவே வேண்டாம். கதிர்பட்ட எலும்பில் பின்னாளில் புற்றுநோய் வரக்கூடும் என்பதால் குழந்தைகளில் அதைக் கைவிட்டுவிட்டோம். கட்டிக்கு ஊட்டம் தரும் இரத்தக்குழாயை முன்கூட்டியே அடைப்பதை யோசித்தோம். சி.டி. ஆஞ்சியோகிராமில் தனியாக ஒரு பெரிய குழாய் தெரியவில்லை. முகத்தின் தமனிகள் கண்ணுக்கும் மூளைக்கும் போகும் தமனிகளோடு தொடர்புடையவை. அடைக்கும் துகள் வழிமாறினால் இழப்பு பெரிது. சுரண்டி அகற்றுவது என்று முடிவு செய்தோம்.

சிறுவனின் எடை 38 கிலோ. உடலில் உள்ள மொத்த இரத்தம் சுமார் 2.7 லிட்டர். இந்தக் கணக்கை அரங்கின் பலகையில் எழுதி வைத்தோம். எவ்வளவு இழந்தால் இரத்தம் ஏற்றத் தொடங்கவேண்டும் என்பது மயக்கமருந்து நிபுணருக்கும் எனக்கும் ஒரே எண்ணாக இருக்கவேண்டும் என்பதற்காக.

வாயின் உட்புறமாகத் திறந்தேன். கன்னத்தில் தழும்பு விழாது. எலும்பின் மெலிந்த ஓட்டினை நீக்கியதும் குழி முழுவதும் இரத்தம் பொங்கியது. இந்தக் கட்டியின் இயல்பு இது: உள்ளே இருக்கும் திசு முழுவதும் வெளியேறும் வரை இரத்தம் நிற்காது, முழுவதும் வெளியேறியதும் நின்றுவிடும். பாதியில் பயந்து பஞ்சை அடைத்து நிறுத்தினால் இழப்பு கூடுமே தவிரக் குறையாது. அறை அறையாக, சுவர் சுவராக அகற்றினோம். முதல் கடைவாய்ப்பல்லையும் முளைக்காத மூன்றாம் பல்லின் மொட்டையும் எடுக்கவேண்டியிருந்தது. இரண்டாம் கடைவாய்ப்பல்லைக் காப்பாற்றினோம். கீழ்த்தாடை நரம்பு குழியின் அடியில், எலும்புக் கால்வாயை இழந்து, வெறும் நூல் போலக் கிடந்தது. அதை அறுக்காமல் ஓரமாக ஒதுக்கி வைத்து வேலை செய்தோம். கடைசியாகச் சுழலும் கருவியால் குழியின் சுவர்களை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்தேன். மொத்த இழப்பு 350 மி.லி.; உடலின் இரத்தத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. இரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை.

எலும்பு ஒட்டு எதுவும் வைக்கவில்லை. எலும்புறை முழுமையாக இருந்தது. அந்த வயதில் அதுவே எலும்பை உண்டாக்கிக்கொள்ளும். டைட்டானியம் தகடு வைப்பதா என்று வெகுநேரம் யோசித்தேன். கீழ்விளிம்பு மெலிந்திருந்தாலும் தொடர்ச்சி அறாமல் இருந்ததால் வைக்கவில்லை. ஆறு வாரம் மென்மையான உணவு, ஓட்டமும் விளையாட்டும் கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பதின்மூன்று வயதுப் பையனுக்கு இது எளிதில்லை. அவன் கடைப்பிடித்தான்.

எட்டாவது மாதம்

அறுவைக்குப் பிறகு கீழுதட்டின் வலது பாதி மரத்திருந்தது. நான்காவது மாதத்தில் உணர்வு முழுமையாகத் திரும்பியது. ஆறாவது மாத எக்ஸ்ரேயில் குழியின் பெரும்பகுதி புதிய எலும்பால் மங்கலாக நிரம்பியிருந்தது. எட்டாவது மாதப் படத்தில், மேலேறும் கிளையின் முன் ஓரத்தில், 9 மி.மீ. அளவில் வட்டமான கருமை தோன்றியது.

அந்த இடம் எனக்குத் தெரிந்த இடம். வாய்வழித் திறப்பில் கண்ணுக்கு நேராகத் தெரியாத மூலை அது. முதல் அறுவையில் கருவியின் நுனியை மட்டும் நம்பிச் சுரண்டியிருந்தேன். முன் ஓரத்தின் எலும்பை இன்னும் சற்று நீக்கி நேராகப் பார்த்திருக்கவேண்டும். தழும்பைத் தவிர்க்க வாய்வழியைத் தேர்ந்தெடுப்பது சரி. ஆனால் பார்வைக்கு எட்டாததை எட்டவைக்க அதற்குள்ளேயே வழி செய்துகொள்ளவேண்டும். இது என் பிழை. பெற்றோரிடமும் அதை அப்படியே சொன்னேன். கட்டி திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான். அதனால்தான் அறிகுறி ஏதும் இல்லாதபோதும் படம் எடுத்துக்கொண்டே இருந்தோம். சிறுவனுக்கு அப்போது வலியும் இல்லை, வீக்கமும் இல்லை.

கட்டியைச் சுருக்கும் மருந்தை உள்ளே செலுத்துவது ஒரு மாற்று வழி. நரம்பு அருகில் இருந்ததாலும், கட்டி சிறியதாக, எட்டும் ஆழத்தில் இருந்ததாலும் மறுபடி சுரண்டுவதையே தேர்ந்தெடுத்தேன். இம்முறை எலும்பின் முன் விளிம்பை நீக்கி, ஒளி நேராக விழும்படி செய்து, குழியின் கடைசி மூலையையும் கண்ணால் பார்த்த பிறகே மூடினேன். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. இரத்த இழப்பு மிகக் குறைவு. திசு ஆய்வில் அதே நோய், அதே சாதுத்தன்மை.

இரண்டாம் அறுவை முடிந்து இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தாடையின் கோணம் இரு பக்கமும் ஒத்திருக்கிறது. வாய் 42 மி.மீ. திறக்கிறது. சி.டி.யில் குழி முழுவதும் எலும்பாகிவிட்டது. நரம்பைச் சுற்றி மெல்லிய புதுக் கால்வாய்கூட உருவாகியிருக்கிறது. எடுத்த பல்லின் இடத்தில் கழற்றி மாட்டும் பல் இருக்கிறது. தாடை வளர்ச்சி முடிந்த பிறகே அங்கே நிலையான பல் பதிக்கமுடியும் என்பதால் காத்திருக்கிறோம். கடைசியாக வந்தபோது மீண்டும் கால்பந்து ஆடலாமா என்று கேட்டான். ஆடலாம், வாய்க்காப்பு அணிந்துகொண்டு ஆடு, தம்பி என்றேன். அடுத்த படம் ஆறு மாதம் கழித்து.